அம்மா பார்த்து எடுத்த ரிவால்வர்

எங்கள் வீட்டுக்குப் பெரிய சாமான் எது வந்தாலும் அது அம்மா பார்த்து எடுத்ததாகத்தான் இருக்கும். பிரிட்ஜ், மிக்ஸி, இரும்பு பீரோ, அப்பாவின் கைக்கடிகாரம் வரைக்கும். கடைக்காரன் முதலில் எதை நீட்டுகிறானோ அதை வாங்கிக்கொண்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற மனிதர் அப்பா. ஒரு முறை தனியாகப் போய் மின்விசிறி வாங்கி வந்தார். அது சுற்றியதைவிட முனகியதுதான் அதிகம். அதனால் அவர் ரிவால்வர் வாங்கப் புறப்பட்ட சனிக்கிழமையன்று அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு அதில் விசேஷமாக எதுவும் தோன்றவில்லை. ஆச்சரியப்பட்டவர் அப்பாதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. திருச்சியிலிருந்து மாற்றலாகிக் கல்கத்தாவுக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. டாலிகஞ்சில் கம்பெனி குவார்ட்டர்ஸ், இரண்டாவது மாடி. அப்பாவுக்கு அரசு நிறுவனம் ஒன்றின் கிடங்கில் வேலை. ஏலத்தில் போன பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு லாரி வெளியே போகுமுன் எடை பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போடவேண்டும். அவ்வளவுதான். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எடை பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். அப்பா எடையும் பார்த்தார், அதனால் பல லாரிகள் கேட்டிலேயே நின்றன.

முதலில் கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள். பிறகு ஒருநாள் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. என்னுடைய பள்ளி பஸ் எத்தனை மணிக்கு எந்த முனையில் நிற்கும், நான் எந்த நிற ரிப்பன் கட்டியிருப்பேன் என்று ஒரு குரல் மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டதாம். மறுநாளிலிருந்து அம்மா ரிப்பனை மாற்றிவிட்டாள். அப்பா லைசென்ஸுக்கு விண்ணப்பித்தார்.

"மாற்றல் கேளுங்க, ஊருக்கே போயிடலாம்" என்று அம்மா சொன்னாள்.

"நான் போனா அடுத்து வர்றவன் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுவான்" என்றார் அப்பா.

"போடட்டுமே. உங்க வீட்டு இரும்பா?"

இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் ஒரு வருடம் நடந்தது. லைசென்ஸ் வருவதற்கும் அவ்வளவு காலம் பிடித்தது. அது கைக்கு வந்த அன்று அம்மா பேசுவதையே நிறுத்திவிட்டாள். தட்டு வைப்பாள், சோறு போடுவாள், ரசம் வேண்டுமா என்பதைக்கூட என்னை விட்டுத்தான் கேட்பாள். அப்படிப் பதினைந்து நாள் இருந்தவள்தான் அந்தச் சனிக்கிழமை, "நானும் வரேன். உங்களுக்குப் பாத்து வாங்கத் தெரியாது" என்று செருப்பை மாட்டினாள். பரீட்சையில் தேறிவிட்டதாகக் கேள்விப்பட்ட பையனைப் போல அப்பா இரண்டு முறை கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்தார்.

என்னை அழைத்துப் போனது செல்லத்துக்காக அல்ல. அம்மாவின் வங்காளம் காய்கறிச் சந்தை தாண்டாது. அப்பாவின் வங்காளத்தில் பாதி இந்தி. வீட்டில் மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

தர்மதலா பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்தக் கடை. சைக்கிள் கடையில் வருகிற எண்ணெய் வாசனைதான் அங்கேயும் வந்தது. வேட்டி கட்டிய வயதான முதலாளி கண்ணாடிப் பெட்டியின் மேல் பச்சைத் துணியை விரித்து, இரண்டு ரிவால்வர்களை எடுத்து வைத்தார். இரண்டும் புதிது. ஒன்று சின்னது, அவர் கைக்குள் அடங்கிப்போனது. மற்றது பெரிய உடம்புக்காரன். தடித்த குழல், நீண்ட பிடி, கருநீல மினுமினுப்பு.

அவர் என்னைப் பார்த்துப் பேசினார், நான் அம்மாவுக்குச் சொன்னேன். தினமும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆபீஸ் போகிறவருக்குச் சின்னதுதான் சரி. இடுப்பில் இருப்பதே மறந்துவிடும், வெளியே தெரியாது. பெரியது வீட்டில் வைத்துக்கொள்பவர்களுக்கும் காவலாளிகளுக்கும். அல்லது, என்று அப்பாவின் ஒட்டிய வயிற்றைப் பார்த்துச் சிரித்தார், நல்ல தொப்பை உள்ள பாபுக்களுக்கு.

அப்பாவும் சின்னதைத்தான் கையில் எடுத்துவிட்டார். அம்மா என் தோளைத் தொட்டாள்.

"இருக்கறதுலயே எது கனம்னு கேளு."

நான் கேட்டேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் மனைவியோடு வந்தவர்களே குறைவு, வந்த பௌதிகள், அண்ணிமார்கள், எல்லாம் லேசானது எது என்றுதான் கேட்பார்கள் என்றார். பெரியதைக் காட்டினார். அம்மா அதை ஒரு கையிலும் சின்னதை மறுகையிலும் வாங்கி, தேங்காய் பொறுக்குகிற மாதிரி தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பெரியதை அப்பாவிடம் நீட்டினாள்.

"இதுதான்."

"இது இடுப்புல நிக்காது."

"வாங்கறதுதான் வாங்கறீங்க, பொம்மை மாதிரி எதுக்கு? பாத்தாலே எதிராளிக்குப் பயம் வரணும்."

"சட்டைக்குள்ள இருக்கப்போறத எவன் பாக்கப்போறான்?" என்றார் அப்பா. ஆனாலும் அவர் முகம் மலர்ந்துதான் இருந்தது. பதினைந்து நாள் கழித்து அம்மா அவரிடம் நேராகப் பேசுகிறாள். அதற்காக அவர் பீரங்கி வேண்டுமென்றாலும் வாங்கியிருப்பார். முதலாளி மட்டும் விடாமல், பௌதியிடம் இன்னொரு முறை சொல், ஒரு மாதம்கூடச் சுமக்க முடியாது என்றார். சொன்னேன். அம்மா தலையை ஆட்டினாள், எல்லாம் புரிந்தவள் போல. கம்பீரமானதை வாங்கச் சொன்ன அம்மாவை நினைத்து எனக்கு ஒரே பெருமை.

அன்று சாயங்காலம் ஊரிலிருக்கும் சித்தியோடு பேசுவதற்கு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். வீட்டில் போன் இருந்தும் அம்மா அங்கே போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் அவளோடு ஒண்டிக்கொண்டு நான் கடலை மிட்டாய் தின்றேன்.

"இருக்கறதுலயே கனமா பாத்து வாங்க வச்சிருக்கேன்டி. தூக்கிட்டு நடக்கவே முடியாது. ரெண்டு மாசத்துல பீரோவுக்குள்ள போயிடும் பாரு" என்றாள் அம்மா. சித்தி என்னவோ கேட்டிருக்க வேண்டும். அம்மாவின் குரல் இறங்கியது. "கையில ஒண்ணும் இல்லேன்னா ஓடிடுவார்டி. இது இருந்தா நின்னுடுவார்."

எனக்குச் சுருக்கென்றது. அப்பா ஓடுவாராமே! கடையில் அத்தனை பெருமையோடு பார்த்த அம்மாவை அந்த நிமிஷத்திலிருந்து எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அப்பாவைக் கோழை என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்கிறாளே என்று வீடு வரும்வரை அவள் கையைப் பிடிக்காமல் நடந்தேன்.

பென்டிங்க் தெருவில் செருப்புக்கடை வைத்திருந்த சீனர் ஒருவர் அப்பாவின் இடுப்பை அளந்து தோல் உறை தைத்துக் கொடுத்தார். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு வாழ்நாளெல்லாம் திரிந்த மனிதர், இரண்டு அளவு பெரிய சட்டைகளை வெளியே விட்டுக்கொண்டு போனார். கீழ்வீட்டு வங்காளி மாமி, "தாதா, மோட்டா ஹோயே கேச்சேன்!" என்று சந்தோஷப்பட்டாள். அண்ணன் குண்டாகிவிட்டாராம். மதராசிச் சாப்பாட்டின் மகிமை என்று அப்பாவும் சொல்லிவைத்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளாக உட்கார முடியாமல் டாலிகஞ்ச் மெட்ரோவரை நடந்தே போனார். மினிபஸ்ஸில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு நிற்பார். மறைத்து வைத்திருப்பது எங்கே என்று ஊருக்கே அவர் கை காட்டிக்கொடுத்தது.

கோடை வந்தது. கல்கத்தாப் புழுக்கத்தில் தோல் உறை வேர்வையில் ஊறி, அப்பாவின் வலது இடுப்பு புண்ணாகிவிட்டது. ஆபீஸ் விட்டு வந்ததும் கூடத்தில் ஒருக்களித்துப் படுப்பார். அம்மா தேங்காய் எண்ணெய் தடவுவாள்.

"வீட்டுலயே வச்சிட்டுப் போங்களேன்" என்பாள்.

"நீ பாத்து எடுத்தது. ஒரு நாள் போட்டுட்டு ஒரு நாள் போடாம போறதுக்கு இது என்ன கடிகாரமா?" என்பார்.

அம்மா எண்ணெய்க் கையோடு எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். இரண்டு மாதம் என்று அவள் போட்ட கணக்கு நான்கானது, ஐந்தானது. அந்தப் புண்ணை உண்டாக்கியது தான்தான் என்று தெரிந்துகொண்டே தினமும் மருந்து போட்டவள் என்ன பாடு பட்டிருப்பாள்! சொல்லவும் வழியில்லை. சொன்னால் அடுத்த சனிக்கிழமையே அப்பா போய்ச் சின்னதை வாங்கிவிடுவார்.

துர்கா பூஜைக்குச் சில நாள் முன்பு புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. டாக்டர் இடுப்பில் எதையும் கட்டக்கூடாது என்றார். ரிவால்வர் பீரோவுக்குள் போயிற்று. காய்ச்சல் விட்ட பிறகும் அப்பா அதை எடுக்கவில்லை. அலுத்துவிட்டது. இடையிடையே வந்துகொண்டிருந்த மிரட்டல் போன்களும் நின்றுபோயிருந்தன. சட்டையை மறுபடி உள்ளே விட்டுக்கொண்டார். அந்த வருடப் பூஜையின்போது அம்மா எப்படி இருந்தாள் தெரியுமா? கரியாஹாட்டில் எனக்கு ஒன்றுக்கு இரண்டு பிராக் வாங்கினாள். கடைக்காரர்களிடம் தன் ஓட்டை வங்காளத்தில் தானே பேரம் பேசினாள். பந்தல் பந்தலாக எங்களை இழுத்துக்கொண்டு அலைந்தாள். அவளை அப்படி நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

காளி பூஜை முடிந்த வாரம், ஒரு பிற்பகலில், கிடங்கு கேட்டுக்கு வெளியே அப்பாவை அடித்துக் கொன்றுவிட்டார்கள்.

ஊரிலிருந்து பெரியப்பாவும் அத்தையும் ரயில் பிடித்து வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர்கள் வந்த அன்று, கேட்டருகே டீ விற்கிறவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நடந்ததைப் பார்த்தவர் அவர். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவர் வங்காளத்தில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். இதைக் குழந்தையை விட்டுச் சொல்லவைக்கக்கூடாது என்று அங்கிருந்த பெரியவர்களுக்கு அன்று தோன்றவில்லை. வேறு யாருக்கும் அந்த மொழி தெரியாது.

நாலு பேர். கையில் கம்பி. அப்பா நின்ற இடத்திலிருந்து கேட்டுக்குப் பத்தடிகூட இல்லை. காவலாளி, உள்ளே ஓடி வாருங்கள் சார் என்று கத்தினானாம். அப்பா ஓடவில்லை. லாரிக்கு முன்னால் நின்றுகொண்டு சீட்டைக் காட்டு என்றாராம்.

"அப்பா ஓடலையாம்" என்று நான் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னேன். ஓடிடுவார் என்றாயே, பார்த்தாயா, என்று என் மனசுக்குள் ஒரு கர்வம். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. கைகள் மட்டும் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

பெரியப்பா ஏதோ காகிதம் தேடிப் பீரோவைத் திறந்தவர், ரிவால்வரைக் கண்டு அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"இதை வச்சிக்கிட்டா வெறுங்கையோட போனான்? எதுக்கு விட்டுட்டுப் போனான்?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. வகுப்பில் டீச்சர் கேட்பதற்குள் கை தூக்குகிற பெண் நான்.

"ரொம்ப கனம் பெரியப்பா. கடைக்காரர் சின்னதுதான் வாங்கணும்னு சொன்னார். அம்மாதான் பெரிசை எடுக்கச் சொன்னா. கனமா இருந்தா அப்பா எடுத்துட்டுப் போக மாட்டார்னு சித்திகிட்ட போன்ல சொன்னா."

அத்தை அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். பெரியப்பா அம்மாவிடம், "நெசமா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள் அம்மா.

அன்று அப்பாவைச் சேர்ந்தவர்கள் அம்மாவை விட்டுப் போனவர்கள்தான். அப்பாவின் ஆபீஸிலேயே அவளுக்கு வேலை கொடுத்தார்கள். வங்காளத்தை முழுதாகக் கற்றுக்கொண்டு அதே ஊரில் இருபது வருடம் கழித்தாள். அத்தை வீட்டுக் கல்யாணங்களுக்குப் பத்திரிகை என் பெயருக்கு மட்டும் வரும். அந்த ரிவால்வர் இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

அன்று அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இந்தப் பிஞ்சுக்காவது உண்மை பேசத் தெரிஞ்சுதே" என்று தலையைத் தடவினாள். நான் முழு உண்மையும் பேசவில்லை. பூத்தில் அம்மா கடைசியாகச் சொன்னதும் என் நாக்கு நுனிவரை வந்தது. கையில் ஒன்றும் இல்லாவிட்டால் ஓடிவிடுவார், உயிரோடு இருப்பார் என்றுதான் அவள் அதைச் செய்தாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அங்கே யாராவது ஒருத்தராவது எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அப்பா ஓடுவார் என்று அம்மா சொன்னதை இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? அவரைப் பற்றி என்ன நினைப்பார்கள்? வாயை இறுக மூடிக்கொண்டேன். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அத்தையின் மடியிலிருந்து நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன்.