நனைந்த குதிரையின் எடை

பதினோரு வருட வேலையில் முதன்முறையாகத் தன் முழுப்பெயர் இனிஷியலோடு தட்டச்சாகியிருப்பதைக் கம்பியக்கா பார்த்தாள். அந்தப் பெயருக்கு மேலே இப்படி எழுதியிருந்தது: ‘நான் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றியதே குதிரை சாய்ந்ததற்குக் காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன்.’

"படிச்சுட்டு ஒரு கையெழுத்து போட்டுரும்மா. நாளைக் காலையில பூங்கா மேலாளர் வர்றாங்க. அவங்க கையில கொடுக்கணும்" என்றார் முதலாளி. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மேஜைமேல் இருந்த காகிதக் கத்தியைப் பார்த்துச் சொன்னார்.

"என் பேரு இதுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரிஜிஸ்டர்ல பார்த்தேன்."

பதினோரு வருடமாக அந்த ரிஜிஸ்டர் அதே அலமாரியில்தான் இருக்கிறது. புரட்டிப் பார்க்க ஒரு குதிரை விழ வேண்டியிருந்தது.

அந்தப் பூ அலங்காரப் பட்டறையில் எல்லோருக்கும் அவள் கம்பியக்காதான். அவளைவிட ஆறு வயது மூத்த வெல்டர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். மாலைகளுக்குக் கம்பி வளையம் வளைக்கும் கூலியாளாக உள்ளே வந்தவள், மூன்றே வருடத்தில் பட்டறையின் எல்லாப் பெரிய உருவங்களையும் முன்நின்று கட்டுகிறவளாகிவிட்டாள். செருப்புக் கம்பெனி வாசலில் ஆள் உயரச் செருப்பு, ஏரிக்கரை விழாவுக்குச் சிறகு விரித்த அன்னம், மைதானத்தில் ஓடுகிற கடிகாரம், எல்லாமே பூவில். அன்னத்தின் அலகுக்கு அவள் மொட்டாகப் பார்த்துத்தான் குத்துவாள். காலையில் பார்க்கிறவர்கள் "என்ன, அலகு பச்சையா இருக்கு?" என்று முகம் சுளிப்பார்கள். மாலை நாலு மணிக்கு ரிப்பன் வெட்டும்போது அலகு முழுக்க மலர்ந்து நிற்கும். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து, தப்புப் பண்ணி, திட்டு வாங்கித் தெரிந்துகொண்டது.

அத்தனை உருவங்களுக்கு முன்னாலும் ஒரு பலகை நின்றது. அதில் வடிவமைப்பு என்று போட்டு முதலாளியின் பெயர் இருக்கும். எட்டு மாதமாக அந்த இடத்தில் முதலாளியின் மச்சினன் பெயர். கட்டியவர்களின் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. கம்பியக்கா அதைக் கேட்டதும் இல்லை. கேட்காமல் இருந்ததுதான் தான் செய்த ஒரே தப்பு என்று இப்போது அவளுக்குத் தோன்றியது.

மச்சினன் கெட்டவன் இல்லை. படித்தவன், சுறுசுறுப்பானவன், எல்லோரையும் அக்கா அண்ணா என்று கூப்பிடுகிறவன். கம்ப்யூட்டரில் அவன் வரைந்த குதிரை நிஜமாகவே அழகு. பதினெட்டு அடி. பின்னங்கால் இரண்டையும் ஊன்றி, முன்னங்கால்களை வானத்தில் தூக்கி, இப்போதே பாய்ந்துவிடும் போல நின்றது. பூங்காவின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு அதுதான் முகப்பு.

படத்தைப் பார்த்ததும் கம்பியக்கா சொன்னாள்: "தம்பி, வாலைத் தரை வரைக்கும் இறக்கிடலாம். வாலுக்குள்ள ஒரு பைப் போட்டா மூணாவது கால் மாதிரி நிக்கும்."

"அக்கா, குதிரைக்கு வால் ஊன்றுகோல் இல்ல. அது காத்துல பறக்கணும்."

"வால் பறக்கட்டும் தம்பி. குதிரை பறந்துடக் கூடாதுல்ல."

வெல்டர் முகமூடிக்குள் சிரித்தார். மச்சினன் சிரிக்கவில்லை. பட்டறையிலேயே சோதனை வைத்தான். இரும்புச் சட்டத்துக்குள் வலை கட்டி, பூ குத்துகிற பச்சை ஃபோம் கட்டிகளை அடுக்கி, வெல்டரைக் குதிரையின் கழுத்தில் தொங்கச் சொன்னான். வெல்டர் தொங்கினார். குதிரை அசையவில்லை.

"பார்த்தீங்களா, நிக்குது."

"இன்னும் அது தண்ணி குடிக்கலையே தம்பி" என்றாள் கம்பியக்கா.

அந்த ஃபோம் கட்டி செங்கல் அளவு இருக்கும். காய்ந்திருக்கும்போது கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. தொட்டியில் போட்டால் தானாக நீரைக் குடித்துக்கொண்டே மெல்ல மூழ்கும். வெளியே எடுக்கும்போது ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. குதிரைக்கு அறுநூற்று நாற்பது கட்டி. காய்ந்த நிலையில் எல்லாம் சேர்ந்து ஒரு அரிசிப் பை கனம். நனைந்தால் ஆயிரத்து இருநூறு கிலோவுக்கு மேல். மச்சினன் கணக்கில் போட்டது கம்பெனி அட்டையில் அச்சடித்திருந்த எடையை. அது காய்ந்த எடை. பூ வேலையைக் கம்ப்யூட்டரில் மட்டும் செய்கிறவர்களுக்குத்தான் இப்படி ஒரு தப்பு வரும். அதில் கைவைத்து நனைந்தவர்களுக்கு வராது.

"மச்சான் கணக்குப் போட்டிருக்கான், விடும்மா" என்றார் முதலாளி.

விட்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பூங்காவில் குதிரையை நிறுத்திய அன்றைக்கே கழுத்திலிருந்து பின்னால் இருந்த மரத்துக்குத் தடித்த கயிறு ஒன்றைக் கட்டினாள். நாலு பெண்களோடு சேர்ந்து இரண்டு நாள் ஏணியில் நின்று வெள்ளைச் சாமந்தியும் கார்னேஷனும் குத்தினாள். பிடரிக்கு மட்டும் ஒன்பதாயிரம் பூ. விழாவுக்கு முந்தின நாள் பகல் மூன்று மணிக்கு மச்சினன் வந்தான். கயிறு போட்டோவில் விழுகிறது என்றான். அவள் பூ வண்டிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அறுக்கச் சொன்னான்.

கயிறு அறுந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. குதிரை முதலில் தலையைக் குனிந்தது. கும்பிடுகிற மாதிரி இருந்ததாம். அடியில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்த வெல்டர், தாங்கிப் பிடிக்கிறேன் என்று கையை நீட்டினார். ஆயிரத்து இருநூறு கிலோவை ஒற்றைக் கையால் யார் தாங்குவது? மணிக்கட்டு இரண்டாக முறிந்தது. கம்பியக்கா ஓடிவந்தபோது அவர் உடம்பெல்லாம் வெள்ளைச் சாமந்தி, கல்யாணப் பந்தல் சரிந்து விழுந்ததுபோல் கிடந்தார்.

"அக்கா, நான் பிடிச்சுட்டேன்னுதான் நினைச்சேன்" என்று அந்த வலியிலும் சொன்னார் அந்த மனுஷன்.

இப்போது சொல்லுங்கள். இதற்குக் காரணம் தண்ணீராம். ஊற்றியவள் இவளாம். தண்ணீர் இல்லாமல் பூ நிற்குமா? உருவம் நின்றால் பலகையில் அவர்கள் பெயர், விழுந்தால் மட்டும் கடிதத்தில் இவள் பெயர். எந்த ஊர் நியாயம் இது?

கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மாலையில் வீட்டுக்கு வந்தாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சமையலறை வாசலில் உட்கார்ந்து கைக்கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"போடலன்னா?"

"நாளையிலேருந்து வர வேண்டாமாம்."

"போட்டா?"

"வரலாமாம். ஏணி ஏற வேண்டாமாம். உட்கார்ந்து மாலைக்கு வளையம் வளைக்கலாமாம்."

அவர் கடிதத்தை மடித்துக் கொடுத்தார். "வேலை போனா போகட்டும், நான் இருக்கேன்னு வீரமாச் சொல்ல எனக்கும் ஆசைதான். நம்ம நிலைமை உனக்குத் தெரியும். கையெழுத்து போட்டுட்டாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க. நாளைக்கு வெல்டரோட சம்சாரம் என் மூஞ்சியைப் பார்த்தா நான் என்ன சொல்லுவேன்? உங்க வீட்டுக்காரர் கையை உடைச்சது நான்தான்னா?"

அவர் துணியைக் கீழே வைத்தார். "ஒண்ணு கேக்கறேன். புது லிஃப்டை நாங்க வெறுமனே மேலயும் கீழயும் ஓட்டிப் பார்த்துட்டுச் சரின்னு சொல்லிட முடியுமா? எடைக்கல்லை உள்ள ஏத்தி, அப்புறம்தான் சோதனை. அந்தப் பையன் வெறும் லிஃப்டை ஓட்டிப் பார்த்திருக்கான். உள்ள ஆள் ஏறும்னே அவனுக்குத் தோணல."

"அதைத்தாங்க எட்டு நாளாச் சொல்றேன். காதுல விழணுமே."

"காதுல விழலன்னா கையில கொடு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் என்னவோ சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுபடியும் நகக்கண்ணில் கிரீஸைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை, பட்டறையின் தகரக் கூரை போட்ட அலுவலக அறையில் பூங்கா மேலாளர் உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியும் கெட்டிக் கண்ணாடியுமாக ஒரு அம்மா. எதிரே முதலாளி. ஜன்னலோரம் மச்சினன். வெல்டர் கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வரவேண்டாம் என்று சொல்லியும் வந்து கதவருகே நின்றார்.

கம்பியக்கா உள்ளே வந்தாள். ஒரு கையில் கடிதம். இன்னொரு கையில், இடுப்போடு அணைத்துப் பிடித்த பிளாஸ்டிக் தட்டு. தட்டில் இரண்டு ஃபோம் கட்டிகள், தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தவை, சொட்டிக்கொண்டிருந்தன.

"இது எதுக்கும்மா? தரையெல்லாம் ஈரமாகுது" என்றார் முதலாளி.

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை சார். தம்பி, இப்படி வாங்க. இதைக் கொஞ்சம் பிடிங்க."

மச்சினன் மரியாதைக்கு வாங்கிக்கொண்டான்.

"அப்படி நெஞ்சோட சேர்த்துப் பிடிக்கக் கூடாது. குதிரை எப்படிக் காலைத் தூக்கியிருந்துச்சு? முன்னால நல்லா நீட்டிப் பிடிங்க. நான் இந்தக் கடிதத்தைப் படிச்சு முடிக்கிற வரைக்கும்தான். ஒரு பக்கம்தான் இருக்கு."

"அக்கா, என்னக்கா இது."

"ரெண்டே ரெண்டு கட்டிதான் தம்பி. உங்க குதிரையோட ஒரு முன்னங்காலுக்கு நாப்பது வச்சோம்."

மேலாளர் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பிடிங்களேன், பார்ப்போம்" என்றார். அதற்கு மேல் அவனால் மறுக்க முடியவில்லை. கைகளை நீட்டினான்.

கம்பியக்கா படிக்கத் தொடங்கினாள். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. தேதி. அனுப்புநர். பெறுநர். பொருள். மச்சினனின் முழங்கை நடுங்கியது. அவள் தலையைத் தூக்காமல் படித்தாள். ‘அளவுக்கு மீறி’ என்ற இடம் வருவதற்குள் அவன் தோள் இறங்கிவிட்டது. தட்டு சரிந்து, கட்டிகள் இரண்டும் முதலாளியின் கால்மாட்டில் போய்த் தொப்பென்று விழுந்தன. தண்ணீர் அவர் வேட்டி வரைக்கும் தெறித்தது.

கம்பியக்கா கடிதத்தைத் தாழ்த்தினாள்.

"இதுல நான் எங்க சார் அளவுக்கு மீறி ஊத்தினேன்?" அவள் குரல் உடைந்தது. உடைந்தாலும் நிற்கவில்லை. "அது குடிக்கிற அளவு அவ்வளவுதான். குடிக்கலன்னா பூ சாகும். வாலை இறக்குங்கன்னு சொன்னேன், கேக்கல. கயிறு கட்டினேன், அறுத்தீங்க. கையைக் கொடுத்தது அதோ நிக்கறாரே அவரு. இப்ப மிச்சம் இருக்கறது என் பேரு ஒண்ணுதான். அதையும் கேக்கறீங்களே."

"கயிறை யார் அறுக்கச் சொன்னது?" என்று மேலாளர் கேட்டார்.

மச்சினன் சிவந்துபோன தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நான்தான்" என்றான் கடைசியில். அந்த ஒரு சொல்லுக்காக அவனைப் பாதி மன்னிக்கலாம். பாதிதான்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரிம்மா, கடிதத்தை விடு. வெல்டர் கை வைத்தியம் பட்டறை பொறுப்பு. விழா இன்னும் ஒன்பது நாள் நடக்கும். குதிரையை மறுபடி எழுப்பணும். வாலை உன் இஷ்டப்படி இறக்கிக்கோ."

"இறக்கறேன். ஆனா பலகையையும் மாத்தணும். நான், வெல்டர், பூ குத்தின நாலு பொண்ணுங்க. ஆறு பேரும் இருக்கணும்."

"இவ்வளவு பேரை யாரும்மா போடுவாங்க?"

"குத்தம் சுமத்த ஒரு பேரைத் தேடி ரிஜிஸ்டரைப் புரட்டினீங்கல்ல சார்? இன்னும் அஞ்சு பக்கம் புரட்டுங்க."

மேலாளர் அம்மா முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அலமாரியைப் பார்த்தார்.

கம்பியக்கா கடிதத்தின் அடிப்பக்கத்தை மடித்து, நகத்தால் அழுத்தி, தன் பெயர் இருந்த ஒற்றை வரியை மட்டும் நேராகக் கிழித்து எடுத்தாள். மேலே இருந்த பொய்யைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். கிழித்த துண்டை முதலாளியின் மேஜைமேல், காகிதக் கத்தியின் பக்கத்தில் வைத்தாள்.

"என் பேரு இதுல இருக்கு. பலகை எழுதறவர்கிட்ட இதையே கொடுங்க."

நான்காம் நாள் குதிரை மறுபடி நின்றது, வாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு. பார்க்க வந்தவர்களில் ஒருவருக்கும் அந்த வால் உறுத்தவில்லை. பலகையில் வடிவமைப்பு என்று மச்சினன் பெயர். அதற்குக் கீழே, உருவாக்கம் என்று ஆறு பெயர்கள். வெல்டரின் மனைவி கணவரின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கம்பியக்காவுக்கு அழுகை வரவில்லை. தன் பெயரைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றாள். சந்தோஷம் வரும் என்றுதான் நினைத்திருந்தாள். கோபம்தான் வந்தது. இந்த ஒரு வரியை எழுத பலகைக்காரருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டு நிமிடம் இருக்குமா? பதினோரு வருடத்தில் இவர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை.

பிடரியில் ஒரு சாமந்தி தலைசாய்ந்திருப்பது கண்ணில் பட்டது. ஏணியை எடுத்துக்கொண்டு போனாள்.