கால்புடி சென்னியப்பன்

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தால் வண்டிப்பேட்டையே ஒதுங்கி நிற்கும். காளைகள் மட்டும் அவனுக்குப் பயப்படாது. பொள்ளாச்சியிலிருந்து கொப்பரையும் வெல்லமும் ஏற்றிக்கொண்டு கோயமுத்தூருக்கு வண்டி ஓட்டுகிறவன். உக்கடத்துப் பேட்டைக்கு வந்து மாட்டை அவிழ்த்ததும் முதல் கவனிப்பு மாட்டுக்குத்தான். தான் முகம் கழுவுவதுகூட அப்புறம்தான். வெதுவெதுப்பான விளக்கெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, தொடையில் ஆரம்பித்துக் குளம்பு வரைக்கும் உருவி விடுவான். எப்பேர்ப்பட்ட முரட்டுக் காளையும் கண்ணைச் செருகிக்கொண்டு நிற்கும். சென்னியப்பன் கை பட்டால் கல்லும் தூங்கும் என்று பேட்டையில் ஒரு பேச்சு உண்டு. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்தால் என்ன, சும்மாவா வந்த பேர் அது?

அவன் மனைவி பழனியாத்தாள் மில்லில் ரீலிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இது நடந்தது முப்பத்தாறாம் வருஷம். காலையில் சங்கு ஊதினால் உள்ளே, பொழுது சாய்ந்து சங்கு ஊதினால் வெளியே. நடுவில் கஞ்சி குடிக்கிற நேரம் போக, நாளெல்லாம் நின்றபடியே நூல் சுற்ற வேண்டும். யாராவது உட்கார்ந்துவிட்டால் மேஸ்திரிக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, வந்து நிற்பான். அப்படியும் பழனியாத்தாளுக்கு அந்த வேலை உயிர். காட்டில் தனியாகக் குனிந்து களை வெட்டியவள் அவள். நாற்பது பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு போவதும் வருவதும் அவளுக்குத் தினம் தினம் நோம்பி, திருவிழாதான்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். கணுக்கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன.

"வேற யாரோ காலு மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

மாட்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்த பிசுபிசுப்பு சென்னியப்பன் கையில் இன்னும் இருந்தது. அவன் ஒன்றும் யோசிக்கவில்லை. அவள் காலைத் தூக்கி மடியில் வைத்து உருவ ஆரம்பித்துவிட்டான்.

பழனியாத்தாள் பதறிப்போனாள். "ஏனுங்க, காலத் தொடாதீங்க. எனக்குப் பாவம் வந்து சேரும்."

"சும்மா இரு அம்மணி. பாவம் வந்தா அதுக்கும் ரெண்டு சொட்டு எண்ணெய் போட்டு உட்டரலாம்."

குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தி, கெண்டைச்சதையை மெல்லப் பிசைந்து, விரல் ஒவ்வொன்றையும் இழுத்துச் சொடக்கு எடுத்தான். இரண்டாவது காலுக்கு வருவதற்குள் அவள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். விழித்ததும் முதல் காரியமாக அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாவம் நேர்செய்யப்பட்டதாம்.

அதற்கப்புறம் அவன் ஊரில் இருக்கிற நாளெல்லாம் சாயங்காலம் இது நடந்தது. ஆனால் கதவுக்குத் தாழ் போட்டுத்தான். காலைப் பிடித்தான் என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று சொல்லவா வேண்டும்? அதிலும் பெண்டாட்டி காலைப் பிடித்தவன் என்று ஒரு பேர் விழுந்துவிட்டால் ஆயுசுக்கும் போகாது. காளையை அடக்கிய கை என்று பேர் வாங்கியவன் பேட்டைக்குள் எந்த முகத்தோடு போவான்? "இது நம்மோட இருக்கோணும்" என்று அவளிடம் நாலு தடவை சொல்லிவைத்தான்.

வாயை மூடச் சொன்னவன் தன் வாயை மூடினானா? அங்கேதான் வினை. அந்தக் கைக்குப் பழக்கம் மாட்டோடு. கை வேலை செய்தால் வாயும் தானாக மாட்டோடு பேசும். உள்ளங்காலைத் தொட்டால் பழனியாத்தாளுக்குக் கூச்சம் தாங்காமல் கால் வெட்டி உதைக்கும். ஒரு தடவை சொம்பு உருண்டு ஓடியது. உடனே இவன், "ஓவ், ஓவ்... ஒதைக்காத ராசா. இந்தா, பின்னங்காலக் குடு" என்பான்.

அடுத்த வீட்டில்தான், அவர்கள் வாடகைக்கு இருந்த லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரர் கோபாலசாமி குடியிருந்தார். வீட்டுக்குள் ஆடு மாடு கட்டக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே சட்டம். அவர் மனைவி வெங்கடலட்சுமி மூன்று நாள் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். உதைக்கிற சத்தம், விளக்கெண்ணெய் வாசம், பின்னங்காலைக் குடு என்கிற பேச்சு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நாலாம் நாள் புருஷனைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

கதவு தடதடத்தது. "சென்னியப்பா, மாட்ட வெளிய புடி. ஊட்டுக்குள்ள மாடு கட்டறவனுக்கு இங்க எடமில்ல. நாளைக்கே காலி பண்ணிப்போடு."

பழனியாத்தாள் கால் மடியில் இருந்தது மடியிலேயே இருந்தது. சென்னியப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. மாடு என்று சொன்னால் வீடு போகும். வீடு போனால் மில் எட்டாது. அவள் வேலையும் போகும். உண்மையைச் சொன்னால் பேர் போகும். அவன் விழிப்பதைப் பார்த்துவிட்டு அவள் காதோரம் சொன்னாள்: "மாடுன்னே சொல்லிப்போடுங்க. ஊடு போனாப் போகுது. உங்க பேரு போகக் கூடாதுங்க."

அவள் அப்படிச் சொன்ன பிறகு அவனால் பொய் சொல்ல முடியவில்லை. எழுந்து கதவைத் திறந்தான்.

"மாடில்லீங்க. எம்பட ஊட்டுக்காரிதான். நாளெல்லாம் நின்னுட்டு வாரா. காலப் புடிச்சு உட்டுட்டு இருந்தனுங்க."

கோபாலசாமி நம்பவில்லை. உள்ளே வந்து, கம்பு போட்டு வைத்த மொடாவுக்குப் பின்னால்கூட மாட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு மாடே தேவலையப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். வெங்கடலட்சுமி மட்டும் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் விடிவதற்குள் பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. கால்புடி சென்னியப்பன் என்று பேரும் வைத்துவிட்டார்கள். "ஏப்பா, எங்கூட்டுக்காரிக்கும் சித்த வலியா இருக்குதாமா, வரட்டுமா?" என்றான் ஒருவன். இரண்டு பேரோடு கைகலப்பே வந்தது. ரோஷத்தில் சென்னியப்பன், இனி எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுவதில்லை என்று வைத்துவிட்டான். அவளும் கேட்கவில்லை. அவனாக விசாரித்தால், "எனக்கு ஒண்ணுமில்லீங்க, போச்சாது உடுங்க" என்றாள். நாலு நாள் இப்படிப் போயிற்று.

ஐந்தாம் நாள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். அன்றைக்கு நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாளாம். இன்னொரு தடவை உட்கார்ந்தால் மில் ஏட்டில் பேரை அடித்துவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டானாம்.

"அடிச்சா அடிக்கட்டுமுங்க. எனக்குக் களை வெட்டத் தெரியாதா என்ன?" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் சென்னியப்பனால் தாங்க முடியவில்லை. ஊரில் இருக்கிறவன் மேலெல்லாம் வந்த கோபம் மொத்தமும் தன் மேலேயே திரும்பியது. தூ, நானும் ஒரு ஆம்பளையா என்று நினைத்தான். எழுந்து எண்ணெயைச் சூடு பண்ணினான். கதவை அகலத் திறந்தான். வாசற்படிக்குப் பக்கத்தில், தெரு பார்க்க அவளை உட்காரவைத்துக் காலை மடியில் வாங்கிக்கொண்டான்.

"ஐயோ, கதவுங்க" என்றாள் அவள்.

"முழுக்க நனைஞ்சவனுக்கு முக்காடு எதுக்கு? அந்தக் காலக் குடு."

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று அவன் தலை நிமிரவே இல்லை. வழக்கத்தைவிட ஒரு பங்கு அதிக நேரமே உருவினான்.

ஆனாலும் நாலு நாள் வீக்கம் ஒரு நாளில் வடியுமா? மறுநாள் சாயங்காலம் அவளை நடக்கவிட வேண்டாம் என்று வண்டியைப் பூட்டிக்கொண்டு மில்லுக்கே போய்விட்டான். போன பிறகுதான், நாற்பது பெண்களும் ஒன்றாக வெளியே வருவார்களே என்று உறைத்தது. பேட்டைச் சிரிப்பையாவது கையால் அடக்கலாம். இதை எதைக்கொண்டு அடக்குவது? சங்கு ஊதியது. வந்தார்கள். "இவருதான், இவருதான்" என்று ஒருத்தி காதில் ஒருத்தி சொல்வது கேட்டது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான்.

யாரும் சிரிக்கவில்லை. ரீலிங்கில் எல்லாருக்கும் மூத்தவள் மயிலாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் எதிரில் நின்றாள்.

"அது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க" என்றான், வெடுக்கென்று.

"இன்னைக்குப் பழனியாத்தா ஒருக்காக்கூட உக்காரலீங்க. மேஸ்திரி மூணு வாட்டி வந்து பாத்துட்டு வாய மூடிட்டுப் போயிட்டான்."

அவன் மாட்டின் கழுத்தைத் தடவினான். மயிலாத்தாள் அவன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்குக் கூடப்பொறந்த தம்பி யாராச்சும் இருக்காங்களா? எனக்குக் கல்யாணத்துக்கு ஒரு பொம்பளப்புள்ள இருக்குதுங்க."