பனிக்கால வார்டும் வெங்காயத்தோல் புடவையும்

மதனவதி சிஸ்டர் வருகிறாள் என்று தெரிந்தால், ஆஸ்பத்திரி வாசலில் பீடி குடிப்பவன் அதை அணைக்க மாட்டான், விழுங்கிவிடுவான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். சொன்னவர்களில் பாதிப்பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். காஞ்சிபுரத்தில் ஆண்கள் வார்டுக்கு அவள்தான் தலைமை நர்ஸ். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிக் கேட்கும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை.

ஊருக்குத் தெற்கே, நெல் விளைவிக்கும் ஒரு நயினார் குடும்பம் அவளுடையது. சமணர் வீடு. பொழுது சாய்ந்துவிட்டால் மறுநாள் சூரியனைப் பார்க்கும்வரை சாப்பாடு கிடையாது. அந்த வீட்டுப் பெண் நர்ஸ் படிப்புக்குப் பட்டணம் போகிறேன் என்றதும் உறவெல்லாம் திரண்டு வந்து அழுதது. கண்டவன் உடம்பைத் தொடுவாளாம், கண்ட நேரத்தில் தின்பாளாம். அவள் போனாள். விடுதியில் ராத்திரி எட்டு மணிக்குத்தான் சோறு போட்டார்கள். ஐந்து மணிக்குப் போடுங்கள் என்று கேட்டாள், முடியாது என்றார்கள். சாயங்காலச் சாப்பாடே இல்லாமல் சில மாதம் கிடந்தாள். பிறகு ஒருநாள் சமையலறைக்குள் நுழைந்து அவள் போட்ட சத்தத்தில் ஐந்து மணிச் சோறு வந்தது. சத்தம் போட்டால்தான் சோறு என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டாள். அந்தப் பாடத்தை அவள் மறக்கவே இல்லை.

தைப் பனியில் பொழுது சீக்கிரம் சாயும். மூச்சு இரைப்புக்காரர்களும் அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள். அவர்களைக் கவனித்து நிமிர்ந்தால் வெளியே இருட்டியிருக்கும். சோற்று டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பும். பனிக்காலத்தில் சிஸ்டருக்குக் கோபம் அதிகம் என்றால், அதில் பாதி பசி.

மீதிப் பாதி நியாயம். மழைக்காலம் முடிந்தபின் நெசவுக்காரர் வீடுகளில் தறிக்குழி காய்வதே இல்லை. காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, விடியலிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஈரத்தில் உட்கார்ந்தால் எந்த நெஞ்சுதான் தாங்கும்? ஒவ்வொரு பனிக்கும் அவர்கள் கூட்டமாக வந்து விழுவார்கள். கட்டில் போதாது, கம்பளி போதாது. ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பட்டணத்து லாரியை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டும்.

அறுபத்தொன்பதாம் வருஷம் டாக்டர் அந்தோணி வந்து சேர்ந்தார். திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷன். கார்த்திகையிலேயே ஏற்பாடுகளைத் தொடங்கினார். வார்டை ஒட்டிய தாழ்வாரத்தை ஓலைத் தட்டி வைத்து அடைத்தார்கள். மேலிடத்தில் கெஞ்சிப் பன்னிரண்டு இரும்புக் கட்டில் வாங்கினார். இரைப்புக்காரனால் மல்லாந்து படுக்க முடியாதே, சாய்ந்து உட்காரத் தலைப்பக்கம் பலகை வைத்துக் கட்டச் சொன்னாள் மதனவதி. வார்டு ஆள் சிட்டிபாபு கட்டிக் கொடுத்தான். கறுப்புக் கம்பளிகள் வெயிலில் உதறிக் காயவைக்கப்பட்டன, ஆவி பிடிக்கும் கெண்டிகளுக்கு ஈயம் பூசியாயிற்று, இரண்டு புதுச் சிலிண்டரும் வந்து நின்றன. இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக மதனவதி ஒரு டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

மார்கழி பிறந்தது. பனி கொட்டியது. கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

அவளுக்குக் காரணம் தெரியும். மார்கழியில் முகூர்த்தம் இல்லை, தை பிறந்தால் ஊரெல்லாம் கல்யாணம். கல்யாணப் பட்டுகள் அத்தனையும் பொங்கலுக்குள் தறியிலிருந்து இறங்க வேண்டும். தறியில் பாவு நூல் ஏற்றிவிட்டவன் புடவையை அறுத்து எடுக்காமல் வெளியே வரமாட்டான். மார்கழி முழுக்க இருமலைத் துண்டில் அடக்கிக்கொண்டு நெய்வான், தை பிறந்ததும் ஒரேயடியாக வந்து விழுவான். ஆனால் மேலிடத்துக்குப் பனி தெரியுமே தவிரப் பாவு தெரியாது. வந்து பார்த்த அதிகாரி காலிக் கட்டில்களை விரலால் சுட்டிக்கொண்டே நடந்துபோனார். போகியன்று லாரி வரும், கட்டிலையும் சிலிண்டரையும் ஏற்றி அனுப்பிவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

"பொங்கல் முடியட்டும்னு சொல்லுங்க டாக்டர்!" என்று மேஜையைத் தட்டினாள் மதனவதி.

"சொன்னேன் சிஸ்டர். நோயாளி எங்கேன்னு கேக்காங்க. காலிக் கட்டிலைக் காட்டி நான் என்னன்னு வாதாட? நாலு பேரையாவது இப்பவே கூட்டிட்டு வாங்க, நான் சண்டை போடுதேன்."

அவர் சொன்னது நியாயம். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

குடையை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தாள். நேரே போனது கந்தன் வீட்டுக்கு. போன பனியில் செத்துப் பிழைத்தவன் அவன். அந்த நெஞ்சு இன்னொரு தடவை தாங்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெருவில் வரும்போதே அவன் மூச்சு கேட்டது. தறிச் சத்தத்துக்கு நடுவே அது தனியாகக் கேட்டது.

உள்ளே கந்தன் குழிக்குள் கால்வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி அம்சா கரை நூல் சுற்றிய நாடாவைத் தறியின் குறுக்கே வீசிக்கொண்டிருந்தாள். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமான புடவைக்கு இரண்டு பேர் வேண்டும்.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்கு வா" என்றாள் மதனவதி.

"முந்தானை மட்டும்தான் பாக்கி சிஸ்டரம்மா" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிச் சொன்னான் கந்தன். "அறுத்துட்டு வந்துடறேன்."

"அதுவரிக்கும் கட்டில் இருக்காது. லாரி வந்து தூக்கிக்கினு பூடும்."

"ஆஸ்பத்திரி எங்க சிஸ்டரம்மா போவப்போவுது? அங்கதானே இருக்குது."

"உன் தலை! நீ இருப்பியா? யார் வூட்டுக் கல்யாணத்துக்காக இப்படிச் சாவுற? இந்தப் புடவை ஒரு வாரம் கழிச்சு வந்தா எந்தப் பொண்ணு கழுத்துல தாலி ஏறாம பூடும்?" என்று கத்திக்கொண்டே குனிந்து தறியைப் பார்த்தாள்.

உடல் வெங்காயத்தோல் நிறம். கரை கரும்பச்சை. மயில், யானை எதுவுமில்லாமல் வெறும் சரிகைக் கோடு.

அவளே தேர்ந்தெடுத்த நிறம். கார்த்திகையில் அண்ணன் நேமிநாதனோடு பட்டுக்கடைக்குப் போயிருந்தாள், அண்ணன் மகள் விஜயாவுக்கு மாசியில் கல்யாணம். வெங்காயமே தொடாத வீட்டுக்கு வெங்காயத்தோல் நிறமா என்று கடை முதலாளி கேலி செய்தார். தை கடைசியில் தருகிறேன் என்றார். மதனவதி விட்டாளா? கடையே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டாள். பொங்கலுக்கு முன்னால் புடவை கைக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள்கிறோம் என்றாள். முதலாளி பயந்துபோய் ஒப்புக்கொண்டார். யார் தறிக்குப் போகும் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எத்தனை பேரை எத்தனை தடவை திட்டியிருப்பாள்! அத்தனை திட்டும் இப்போது அவள் மேலேயே திரும்பி வந்தது. ஆனால் அவளுக்கு உடனே ஒரு நம்பிக்கையும் வந்தது. சொந்தப் புடவைதானே, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு அதிகாரம் உண்டே.

"கந்தா, இது எங்க அண்ணன் பொண்ணுக்குத்தான்பா. நான்தான் சொல்லி வச்சேன். எனக்கு அவசரமில்லை, தை கடைசிக்குக் குடு, போதும். இப்ப எந்திரிச்சு வா."

அதைச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. கந்தனின் முகம் மலர்ந்துவிட்டது. அம்சாவைத் திரும்பிப் பார்த்தான்.

"கேட்டியா? நம்ம சிஸ்டரம்மா வூட்டுப் பொண்ணுக்காம்! போன வருசம் எனக்கு உசுரு குடுத்தவங்க. இதைப் பாதியிலே வுட்டுட்டு எந்திரிச்சா நான் மனுசனா? கல்யாணப் பொண்ணு புடவையை முந்தானை நெய்யாம குறையா நிறுத்தக் கூடாதும்மா. அந்தப் பொண்ணுக்கு ஆவாது."

மதனவதி கெஞ்சினாள், பிறகு மிரட்டினாள். கத்தரிக்கோலை எடுத்து இப்போதே அறுத்துவிடுவேன் என்றுகூடச் சொன்னாள். அம்சா பதறிப்போய்த் தறிக்குக் குறுக்கே கையை நீட்டிவிட்டாள். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. மற்ற வீடுகளிலும் இதே கதைதான். யாரோ ஒரு பெண்ணின் கல்யாணம் ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒருவனைப் பிடித்து உட்கார்த்திவைத்திருந்தது.

போகியன்று காலையில் லாரி வந்தது. பதினொரு கட்டில்கள் ஏறின. பன்னிரண்டாவது கட்டிலைத் தூக்க வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு சிலிண்டரைக் கையால் அணைத்தபடி மதனவதி அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இது காலியில்லை. நோயாளி இருக்குது" என்றாள்.

"உங்களுக்கு என்னம்மா?" என்றான் லாரிக்காரன்.

"ரத்தக் கொதிப்பு. டாக்டரைக் கேளு."

டாக்டர் அந்தோணி அவள் கையைப் பிடித்து இரத்த அழுத்தம் பார்த்தார். பொய் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு ஏற்படவில்லை. அட்மிட் செய்துகொண்டார். ஒரு கட்டிலும் ஒரு சிலிண்டரும் தங்கின.

பொங்கலன்று காலையிலேயே தெருவெல்லாம் கரும்பும் மஞ்சளுமாக இருக்கையில் அவர்கள் வரத் தொடங்கினார்கள். ரிக்ஷாவில், மாட்டுவண்டியில், மச்சான் முதுகில். புடவையை அறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்தவர்கள். வார்டு நிறைந்தது, பிறகு ஓலைத் தட்டி போட்ட தாழ்வாரமும் நிறைந்தது. அங்கே ஒரு கட்டில்தான் இருந்தது. மீதி எல்லாம் கல்தரை.

கந்தனை அம்சாவும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி வந்தார்கள். உதடு நீலமாகியிருந்தது. கட்டிலைத் தட்டி விரித்து வைத்திருந்தாள் மதனவதி. அது யாருக்கென்று அவள் மனசில் சந்தேகமே இருந்ததில்லை. அவனை அதில் ஏற்றுவதற்குள் பின்னால் இன்னொரு கிழவரைக் கொண்டுவந்தார்கள். அவருக்கு மூச்சு இரைக்கவே இல்லை. இரைக்கும் பலம்கூட இல்லாமல் வாய் மட்டும் திறந்து மூடியது. நர்ஸாக இருப்பவளுக்கு அதன் அர்த்தம் சொல்லித் தரவேண்டியதில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு கிழவரைக் கட்டிலில் போட்டாள். சிலிண்டரை அவருக்குத் திறந்தாள். கந்தனைப் பாயில் உட்காரவைத்துச் சுவரோடு சாய்த்து, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்தாள். டாக்டர் அவன் கையில் ஊசி ஏற்றினார். சிட்டிபாபு ஆவிக் கெண்டியைக் கொண்டுவந்து வைத்தான். அம்சா மதனவதியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எங்க நல்ல காலம் சிஸ்டரம்மா. தரையாவது கிடைச்சுதே."

மதனவதி எத்தனையோ வசவுகளைக் கேட்டவள். ஒன்றும் அவளை இப்படி அறைந்ததில்லை. தரை கிடைத்ததற்கு ஒரு மனுஷி கும்பிடுகிறாள்! புருஷன் மூச்சுக்குத் தவிக்கிறான், இவள் நன்றி சொல்கிறாள். திட்டியிருந்தாலாவது தாங்கியிருக்கலாம். இவர்களை இப்படி ஆக்கிவைத்தது எவன்? விரலால் சுட்டிக்கொண்டு நடந்த அதிகாரியா, அவசரப்படுத்திய முதலாளியா, கடையில் நின்று கத்திய அத்தைக்காரியா? எல்லோரும்தான்.

"டாக்டர், இவங்களைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, யூனிபார்மோடு பஸ் ஏறினாள்.

பொங்கலன்று அதிகாரி வீட்டில்தான் இருந்தார். வாழை இலை போட்டு உட்கார்ந்திருந்தவர் முன்னால் போய் நின்று அவள் பேசியது அந்தத் தெரு முழுக்கக் கேட்டதாம். என்ன பேசினாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. வெயில் இறங்குவதற்கு முன் லாரி ஆஸ்பத்திரிக்குள் திரும்பி வந்தது. டிரைவர் பக்கத்தில் மதனவதி உட்கார்ந்திருந்தாள். பாதிக் கட்டில்தான் கொடுத்தார்கள். சிலிண்டரைக் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் இறங்கிய கட்டிலைத் தாழ்வாரத்தில் போட்டு, கந்தனை அதில் ஏற்றிப் பலகையில் சாய்த்தார்கள். மூக்கில் குழாய் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் உதட்டில் நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். குனிந்து காதைக் கொடுத்தாள்.

"பொண்ணுக்குப் புடவை புடிச்சுதா சிஸ்டரம்மா?"

அவளுக்குத் தெரியாது. புடவை வந்துவிட்டது என்று அண்ணன் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். அவள் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

"வாயை மூடுடா பாவி!" என்றாள். மூக்கில் நழுவிய குழாயைச் சரிசெய்தாள். "பேசாதே. மூச்சு விடு. அதைத் தவிர இன்னிக்கு உனக்கு ஒரு வேலையும் கிடையாது."