அப்பிள் பெட்டிக் கதிரை

மக்டலீன் அக்காவின் வீட்டில் கடையில் வாங்கிய தளபாடம் என்றால் ஒரு கட்டிலும் ஒரு சோபாவும்தான். மற்றதெல்லாம் மரப்பெட்டி. சப்பாத்துத் தட்டு, உடுப்பு அடுக்குகிற அலுமாரி, மாதா சுரூபம் நிற்கிற பீடம், எல்லாமே ஒரு காலத்தில் பழம் சுமந்தவை. ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதி விடுதியில் மேசை இல்லாமல் தோடம்பழப் பெட்டியைக் கவிழ்த்து வைத்துச் சாப்பிட்டாராம். ஹனோவரில் வீடு கிடைத்து இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் விட்டுப் போகவில்லை.

நானும் அவரும் ஒரே ஹோட்டலில் அறைகளைத் துப்புரவாக்குகிறோம். அவர் இரண்டாம் மாடி, நான் அதற்கு மேல் மாடி. ஹோட்டல் முற்றத்தில் பூச்சாடி வைக்கிற பழைய அப்பிள் பெட்டிகளைக் குளிர் தொடங்கும்போது எறிந்துவிடுவார்கள். அக்கா கேட்டு வாங்கி, கைக்கு ஒன்றாக ட்ராமில் கொண்டுவருவார். சனம் பார்க்கும். நான் தெரியாத ஆள் மாதிரித் தள்ளிப் போய் இருப்பேன். வெட்கப்படுவதற்கும் கொஞ்சம் தென்பு வேண்டும். அக்காவிடம் அது மிஞ்சியிருக்கவில்லை.

போன கோடையில் அவருடைய மனுசன் அந்தோனிப்பிள்ளை அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியால் வந்தபோது மெல்ல நடப்பார், ஆனால் இருந்த இடத்திலிருந்து தானாக எழும்பமாட்டார். அக்கா வேலையை அரை நாளாகக் குறைத்துக்கொண்டார். தை மாதத்திலிருந்து முழு நாளும் வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று ஹோட்டலில் சொல்லிவிட்டார்கள். அண்ணை தனியே எழும்பப் பழகாவிட்டால் ஒன்றில் அக்காவின் வேலை போகும், இல்லையென்றால் அண்ணை முதியோர் விடுதிக்குப் போகவேண்டும். அங்கே அவரோடு தமிழில் ஒரு சொல் கதைக்க ஆளில்லை. அதை நினைத்தாலே அக்காவுக்குக் கண் கலங்கிவிடும்.

உடற்பயிற்சி கொடுக்க வருகிற பீலிக்ஸ் என்ற ஜெர்மன்காரர் சோபாவைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். அது பதிவு, தாழ்ந்து கிடந்து ஆளை உள்ளே இழுக்கிறது, உயரமான கெட்டியான கதிரை வேண்டும், ஊன்றி எழும்ப இரு பக்கமும் கைப்பிடி வேண்டும் என்றார். அதற்கு ஒரு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிப் போட்டோம். அன்ட்ராக் போட்டால் கடிதம் வரும், கதிரை வராது. அக்கா அப்பிள் பெட்டிகளைப் பார்க்கத் தொடங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வேலையைத் தொடங்கினோம். துளை போடும் மெஷினை ஹோட்டலில் திருத்தவேலை செய்கிறவரிடம் இரவல் வாங்கியிருந்தார். நான் பெட்டியைப் பிடித்தபடி குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கி, மரத்தைச் சொரசொரத்த தாளால் தேய்த்தார். தூள் தலைமுடியில் படிந்து, இருந்ததைவிட வயது போனவராகத் தெரிந்தார். பெட்டிகளை நிமிர்த்தி வைத்து மேலே பலகை அடித்து இருக்கை. இரு பக்கமும் பெட்டிமேல் பெட்டி வைத்துக் கைப்பிடி. எல்லாவற்றையும் திருகாணியால் இறுக்கிச் சுவரோடு சேர்த்துவிட்டார். யானை இருந்தாலும் அசையாது. மிஞ்சிய சின்னப் பெட்டியைத் தனக்கென்று பக்கத்தில் போட்டுக் குந்தினார்.

பீலிக்ஸுக்குக் கதிரை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னார்: தொடக்கூடாது, அவரே ஊன்றி எழும்பட்டும். அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் போட்டார். பீலிக்ஸின் காலடிச் சத்தம் படியில் மறையுமுன் அவருடைய கை அண்ணையின் கமக்கட்டுக்குள் போய்விட்டது. எங்கள் ஆட்களின் குணம் அது. வருத்தக்காரன் தட்டுத்தடுமாறும்போது பெண்சாதி பார்த்துக்கொண்டு நின்றால் இவளும் ஒரு மனுசியா என்று கேட்பார்கள். அண்ணையும் குழந்தைப்பிள்ளை மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு இருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூக்குவதும் நீங்கள்தான் என்றால் கதிரை எதற்கு என்று கேட்டேன். பாவமடி அவர் என்றார். யார் பாவம் என்பது எனக்குத்தான் தெரியும்.

மார்கழியில் ஒரு பின்னேரம் மீன்குழம்பு கொண்டுபோனேன். அவர்கள் வீட்டுக் கதவுக்கு என்னிடமும் ஒரு திறப்பு இருக்கிறது. உள்ளே போனால் கதிரை வெறுமையாக இருந்தது. அக்கா சின்னப் பெட்டியில் இருந்தபடி கதிரையின் கைப்பிடியில் தலையை வைத்து நித்திரை. வேலைச் சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. அண்ணை இருமினாலே விழிக்கிற மனுசி. குசினிக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அண்ணை நின்றுகொண்டு தண்ணீர் குடித்தார்.

"சத்தம் போடாதேங்கோ தங்கச்சி. கூப்பிட்டுப் பாத்தன், அவ எழும்பேல்ல."

எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வாய் திறந்தார். கொஞ்ச நாளாகவே எழும்ப முடிகிறதாம். அக்கா குப்பை போடக் கீழே போன நேரம் ஊன்றிப் பார்த்தாராம்.

"அப்ப ஏன் அண்ணை சொல்லேல்ல?"

"சொன்னா அவ முழு நாளும் வேலைக்குப் போயிடுவா. நான் இந்தச் சுவருகளோட தனிய இருக்கோணும். எனக்குப் பயமாக் கிடக்கு."

ஏசத்தான் வாய் திறந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தபின் ஏச மனம் வரவில்லை. ஏசாமல் விடவும் மனமில்லை. திரும்பினால், அக்காவின் கண் திறந்திருந்தது. தலை இன்னும் கைப்பிடியிலேயே கிடந்தது. எல்லாம் கேட்டுவிட்டார் என்பது தெரிந்தது.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினார். தான் செய்த கதிரையில் அன்றைக்குத்தான் முதன்முதலாக இருந்தார். இரண்டு கையையும் இரு பக்கமும் வைத்தார்.

"இஞ்சாருங்கோ," என்றார். "ஏலுமெண்டா எனக்கொரு தேத்தண்ணி போட்டுத் தாங்கோ."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அண்ணை தேயிலை டப்பாவைத் தேடினார். கல்யாணம் கட்டியதிலிருந்து அது எந்தத் தட்டில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. எடுத்துக்கொடுக்கப் போன என்னை அக்கா கையால் மறித்தார். டப்பாக்கள் உருண்டன. கடைசியில் ஒற்றைக் கையில் கோப்பையோடு, பாதியை வழியில் சிந்திக்கொண்டு வந்தார். சீனி போடவில்லை. அக்கா மிச்சத்தை முழுவதும் குடித்தார்.

தை மாதம் முழு நாளும் வருவேன் என்று நாளைக்கே ஹோட்டலில் சொல்லப்போவதாக என்னிடம் சொன்னார். அண்ணை அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அக்கா தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது.

அண்ணை சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அக்காவின் கதிரையைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கி, அந்தச் சின்னப் பெட்டியில் இருந்தார். அது சரியான பதிவு. அதிலிருந்து அவரால் தனியே எழும்ப முடியாது. அக்கா எழும்பும்வரை இருக்கட்டும் என்று நான் கதவைச் சாத்திக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.