உப்பு, சின்னம்மா, உப்பு

பெரியப்பா செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவன்று எங்கள் சின்னம்மா ஒரு பகிடி விட்டார். செத்தவீட்டில் யாராவது பகிடி விடுவார்களா? அவர் விடுவார்.

பெரியம்மா அதுவரை ஒரு வாய் சோறு தின்னவில்லை. சுவரில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் மாறி மாறிக் கெஞ்சிக் களைத்துவிட்டார்கள். அப்போதுதான் சின்னம்மா கொடியில் கிடந்த துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரியம்மாவுக்கு எதிரே சம்மணம் கட்டி உட்கார்ந்தார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். மெதுவாகத் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். அச்சொட்டாகப் பெரியப்பா! அடுத்து அவர் என்ன சொல்வார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சின்னம்மா வாயே திறக்கவில்லை.

"எடியே, செத்தவீட்டில உதென்ன கூத்து?" என்று மாமி சீறினார்.

சின்னம்மா அசையவில்லை. சொல்ல வேண்டியதை மறந்துவிட்டார் என்று சிறுமியான எனக்குப் பதறியது. ஊர்ந்து போய், காதுக்குள், "உப்பு, சின்னம்மா, உப்பு" என்றேன். கூரையைப் பார்த்தபடியே என் தொடையில் இரண்டு விரலால் ஒரு நுள்ளு நுள்ளினார்.

"இஞ்சாரும், உப்புக் காணாது!"

சொன்னது பெரியம்மா; உப்புப் போதவில்லை என்று தினமும் பெரியப்பா அவரைக் கூப்பிட்டுச் சொல்லும் அதே சொல். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, திரும்பவும் சிரிப்பானது. பிறகு தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டார். எனக்கோ நுள்ளு வாங்கிய கோபம் கனகாலம் ஆறவில்லை.

இப்போது வெளிநாட்டில், டோர்செட் பார்க் என்ற குடியிருப்பில் மகளோடு இருக்கிறேன். எதிர்வீட்டுப் பிள்ளை கொலம்பியாக்காரி. மேடையில் தனியாக நின்று பகிடி சொல்வது அவளுடைய தொழில். பகலில் கந்தோர்களில் மேசை துடைத்து, தரை கூட்டி, பின்னேரம் மதுக்கடைகளில் சிரிக்கவே மாட்டோம் என்றிருந்த நாலைந்து பேருக்கு முன்னால் நின்று பழகியவள். இன்று பஸ் தரிப்பிடங்களில் அவளுடைய படம் ஒட்டியிருக்கிறது. ஆனால் தகப்பன் செத்த நாளிலிருந்து தாய் வீட்டை விட்டு இறங்கவில்லை. பெரிய மண்டபத்தில் நிகழ்ச்சி என்றதும் பிள்ளை தாய்க்குத் துணை கேட்டு எங்களிடம் வந்தாள்.

"அம்மா, நீங்கள் போனால்தான் தாயும் வருவாவாம்," என்றாள் என் மகள்.

"எனக்கு இங்கிலிஸ் விளங்காதே பிள்ளை."

"அவவுக்கும்தான் விளங்காது. ரெண்டு பேரும் சோடியா இருங்கோவன்."

மண்டபம் நிரம்பி வழிந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாய் மட்டும் கல்லாக இருந்தாள். எழும்பிப் போய்விடுவாளோ என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மேடையில் பிள்ளை திடீரென்று கூனிக்கொண்டு தகப்பனாகிவிட்டாள். மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார். சட்டைப் பையில் இல்லை, கதிரைக்கு அடியில் இல்லை. இடுப்பில் கை வைத்து அப்படியே நின்றாள். மண்டபம் அடங்கிப்போனது. ஐயோ, பிள்ளைக்கு மறந்துபோச்சு என்று நான் இருந்த கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

பக்கத்தில் தாய் எழும்பினாள். தன் உச்சந்தலையில் படாரென்று அடித்து, ஸ்பானிஷில் ஏதோ கத்தினாள். மேடையில் 'தகப்பன்' தலையைத் தடவிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். மண்டபமே எழும்பிக் கைதட்டியது. தாய் சிரித்துக்கொண்டே அழுதாள். வாயைப் பொத்தியே சிரித்துப் பழகிய நானும் வாய் விட்டுச் சிரித்தேன்.

சின்னம்மாவும் அன்று ஒன்றையும் மறக்கவில்லை. அது பெரியம்மாவுக்கென்று விட்ட இடம். அதற்குள் போய் உப்பு, உப்பு என்று நின்ற எனக்கு அந்த ஒரு நுள்ளு காணாது.