ஆறு இன்ச் உயரம்

கடைக்குள் வந்த முதல் நாளே அவர் என் தலைக்கு மேல் எட்டிப் பின்னால் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

எங்களுடையது வண்டி ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் விற்கிற கடை. பின்பக்கம் ஒர்க்‌ஷாப். சாமானை விற்பது நான், மாட்டுவது என் வீட்டுக்காரர். பதினேழு வருடமாக அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த வண்டிக்கு எத்தனை ஸ்பிரிங் பட்டை, எந்தப் பட்டை எவ்வளவு கனம் தாங்கும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டுக்காரருக்கே சந்தேகம் வந்தால் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்.

"இருக்காரு. வண்டிக்கு அடியில படுத்திருக்காரு. உங்களுக்கு என்ன வேணும்?"

"டெக்னிக்கல் விஷயம்மா. உங்களுக்குப் புரியாது."

நான் நாற்காலியைக் காட்டினேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் வெளியே வந்ததும் எழுந்து நின்று, தன் பிக்கப் வண்டியை உயரம் தூக்க வேண்டும், அதற்கு எந்த ஸ்பிரிங் செட்டு நல்லது என்று கேட்டார். வீட்டுக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "எதும்மா கொடுக்கலாம்?" என்றார். அப்போது அந்த மனுஷன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

அவருக்குத் தொழில் ஜெராக்ஸ் மெஷின். மூடுகிற ஆபீஸ்களில் இருந்து பழைய மெஷின்களை வாங்கி வந்து, பழுது பார்த்து, கடைகளுக்கு வாடகைக்கு விடுவார். வீட்டு முன்னறை முழுக்க மெஷின்தான். உள்ளே போக வேண்டுமென்றால் பக்கவாட்டில் நடந்துதான் போக வேண்டும். உருளை மாற்றுவது, டோனர் பொடி அடைப்பது எல்லாம் அவர் மனைவி. ஓடுகிற மெஷின் பக்கத்தில் நின்று, சத்தத்தை மட்டும் வைத்து எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று இவர் சொல்லிவிடுவார். எங்கள் கடையில் பில் அடிக்கிற இத்துனூண்டு மெஷினைக்கூட ஒருநாள் காதாலேயே கேட்டுச் சரி செய்து கொடுத்தார். அப்படிப்பட்ட ஆளுக்குச் சொந்த வண்டி என்று வந்துவிட்டால் மட்டும் மூளை கழன்று கீழே விழுந்துவிடும். முழு முட்டாளை மன்னித்துவிடலாம். வேண்டும்போது அறிவை மாட்டிக்கொண்டு, வேண்டாதபோது அதைக் கழற்றி வைக்கிறவனை என்ன செய்வது?

உயரத்து ஆசை எங்கிருந்து வந்தது என்று மூன்றாவது தடவை வந்தபோது அவரே உளறினார். மனைவியின் தங்கை புருஷன், அவருடைய சகலை, மலைப்பக்கம் குழாய் பதிக்கிற காண்டிராக்டர். கல்லும் குழியுமாக இருக்கிற இடத்துக்கு வண்டி ஏற வேண்டியிருப்பதால் நாலு இன்ச் தூக்கி வைத்திருந்தார். ஏதோ ஒரு விசேஷத்தில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது இவருடைய மகள், எட்டு வயது, "சித்தப்பா வண்டி போட்ட குட்டி மாதிரி இருக்குப்பா நம்ம வண்டி" என்று சொல்லிவிட்டாள். மொத்தப் பந்தியும் சிரித்தது. இவரும் சிரித்தாராம்.

"சும்மா சிரிச்சு வெச்சேன்மா" என்றார். அன்றுதான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அடுத்த வாக்கியத்தில் அதையும் கெடுத்துக்கொண்டார். "ரோட்டுல ஒரு மரியாதை வேணும் பாருங்க. லேடீஸுக்கு இதெல்லாம் தெரியாது."

அவர் வண்டி போகிற ரோடு எது? வீட்டிலிருந்து பஜார், பஜாரிலிருந்து கோர்ட் வாசல், அங்கிருந்து வீடு. எல்லாம் தார் ரோடு. வழியில் இருக்கிற பெரிய மேடு ஒரு வேகத்தடை.

ஐந்து மாதம் செட்டுத் தேர்ந்தெடுத்தார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு பார்க்க மாட்டார்கள். இரண்டு இன்ச், மூன்று இன்ச், நாலு இன்ச் என்று ஒவ்வொன்றாக விலை கேட்டு, போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, வாரத்துக்கு ஒரு தடவை வந்து நின்றார். ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு 'இன்ச்சுக்காரர்' என்று பெயரே விழுந்துவிட்டது. கையில்தான் ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறதே, எல்லா செட்டையும் ஒப்பிட்டுக் கலரில் அச்சடித்து, சுருள் கம்பி போட்டுப் புத்தகமாகவே கொண்டுவந்தார். அறுபது பக்கம். உயரத்துக்கு ஒரு கட்டம், நிறத்துக்கு ஒரு கட்டம், 'கெத்து' என்று ஒரு கட்டம். அதில் பத்துக்கு இத்தனை என்று மார்க்கு வேறு. நான் அறுபது பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். லோடுக்கு மட்டும் கட்டம் இல்லை.

அன்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒழுங்காகச் சொன்னேன்.

"இங்க பாருங்க. உங்களுக்கு ரெண்டு இன்ச்சுக்கு மேல வேண்டாம். முன்னாடி ஸ்பேசர், பின்னாடி அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல ஒரு கட்டை, முடிஞ்சுது. ஆறு இன்ச்சுன்னா ஷாக், பிரேக் ஹோஸ், ஸ்டீரிங் கோணம் எல்லாத்தையும் மாத்தணும். அதைக்கூட மாத்திடலாம். ஆனா நீங்க ஏத்துறது நூத்தம்பது கிலோ மெஷின். பின்பலகை தரையிலேருந்து எவ்வளவு ஒசரம்னு என்னைக்காவது அளந்திருக்கீங்களா?"

அவர் என்னை விட்டுத் திரும்பினார். வீட்டுக்காரரைப் பார்த்து, "என்னண்ணே சொல்றாங்க?" என்றார்.

"அவ சொல்றதுதான் சரி."

"வீட்ல ரொம்பப் பயமோ!" என்று சொல்லிக் கண்ணடித்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு எனக்கு விட்டுப்போயிற்று.

அடுத்த வாரம் முடிவோடு வந்தார். சகலையிடம் இருப்பது நாலு. அப்படியென்றால் தனக்கு ஆறு. ஐந்து மாதமும் அறுபது பக்கமும் கடைசியில் இந்தக் கூட்டல் கணக்கில்தான் வந்து முடிந்தது. "இதுதானே பெஸ்ட்டு?" என்று, அதிசயமாக, என்னிடம் கேட்டார்.

"உங்களுக்கு இதான் பொருத்தம்" என்றேன்.

வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "லோடு அடிக்கிற வண்டிம்மா அது."

"அவருக்குத் தெரியாததா? டெக்னிக்கல் ஆளு."

வீட்டுக்காரர் ஜாக்கியை எடுக்கப் போனார். மாட்டுகிற வேலையில் குறை வைக்கவில்லை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நட்டாக முறுக்கி, கோணம் பார்த்துக் கொடுத்தார். வண்டி வெளியே வந்து நின்றபோது கட்டெறும்புக்குக் குதிரைக்கால் வைத்த மாதிரி இருந்தது. இன்ச்சுக்காரர் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்து, தம் கட்டி, கதவுக் கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் உள்ளே ஏறினார். ஏறி உட்கார்ந்ததும் தெருவை ஒரு பார்வை பார்த்தாரே, ராஜா வீட்டுக் கன்றுக்குட்டி தோற்றுவிடும். எனக்கு அன்று முழுக்கச் சிரிப்பு தாங்கவில்லை. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேராகச் சகலை வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். சகலை வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எதுக்கு சகலை இவ்ளோ ஒசரம்? ஆத்துல எறக்கப் போறியா?" என்று கேட்டாராம். இதையும் நம்மவர் எங்களிடம் வந்து பாராட்டுப் பத்திரம் வாசிப்பது போலச் சொன்னார்.

மூன்று வாரம் கழிந்தது. ஒரு வக்கீல் ஆபீஸில் பெரிய மெஷின் ஒன்று கிடைத்திருக்கிறது. அதைச் சரி செய்து வாடகைக்குக் கொண்டுபோக, வீட்டு வாசலில் வைத்து வண்டியில் ஏற்றினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். வழக்கமாகச் சாய்த்துப் போட்டு ஏற்றுகிற அதே பலகைகள்தான். வண்டி உயர்ந்துவிட்டது, பலகை நீளவில்லை. சரிவு செங்குத்தாக நின்றது. அவர் மேலே நின்று கயிற்றை இழுத்தார். அந்த அம்மா கீழே இருந்து தோள் கொடுத்துத் தள்ளினார். பாதி தூரம் ஏறிய மெஷின் நின்றது. பிறகு திரும்பி வந்தது. அவர் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போனது. அந்த அம்மா பக்கவாட்டில் துள்ளியதால் உயிர் பிழைத்தார். இடது கை மட்டும் மெஷினுக்கும் வாசல் கேட் தூணுக்கும் நடுவில் மாட்டியது.

இரண்டு விரல் நசுங்கிவிட்டது. மெஷினின் கண்ணாடி நொறுங்கி, டோனர் கொட்டி, வாசல் முழுக்கக் கரி. அவர் அந்த நேரத்தில் என்ன செய்தார் தெரியுமா? பின்பலகை விளிம்பில் நின்று, அவ்வளவு உயரத்திலிருந்து எப்படிக் குதிப்பது என்று ஒரு காலை நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தார். எதிர்வீட்டு டெய்லர்தான் ஓடிவந்து மெஷினை நகர்த்தியவர். அந்த அம்மாவைத் தன் ஸ்கூட்டரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். இவர் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தத்தில் உயரமான வண்டிகளைத் தடுக்கக் குறுக்குக் கம்பி போட்டிருந்தது. வண்டி நுழையவில்லை. ரோட்டில் இடம் தேடி நிறுத்திவிட்டு வருவதற்குள் தையல் போட்டு முடித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அந்த அம்மாவேதான். பத்து நாள் கழித்து, ஒரு மத்தியான வேளையில், கையில் கட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. மெலிந்த ஆள். விரல் நகங்களின் ஓரத்தில் டோனர் கறுப்பு. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"நீங்கதான் அக்கா ஆறு இன்ச் பொருத்தம்னு சொன்னீங்களாம்."

"ஆமா."

"லோடு வண்டின்னு தெரியாம சொல்லிட்டீங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "தெரியும்" என்றேன்.

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"ரெண்டு இன்ச் போதும்னு மொதல்ல சொன்னேன். கேக்கல. வந்த மொத நாளே ஆம்பளைங்க இல்லையான்னு கேட்டாரு. எனக்குப் புரியாதுன்னாரு. எக்கேடோ கெட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. கணக்கில் எங்கே தப்பு வந்தது என்று பார்க்கிற முகம்.

"அவரு பேசினதுக்கு என் விரலா அக்கா?"

 இன்ச்சுக்காரரை நான் கேவலமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த வண்டியில் கீழே நின்று தள்ளுகிற ஆள் ஒன்று இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. அவருடைய புத்தகத்தில் லோடுக்குக் கட்டம் இல்லை என்று சிரித்தேன். எனக்கும் அப்படி ஒரு கட்டம் இல்லாமல்தான் இருந்திருக்கிறது.

"தப்புதான்மா" என்றேன்.

"சரி, விடுங்க. வேலையப் பேசுவோம்." நல்ல கையால் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். பென்சிலால் எழுதியிருந்தது: பழைய உயரத்தில் பின்பலகை எவ்வளவு, இப்போது எவ்வளவு, பலகையின் நீளம், மெஷின்களின் எடை. "பழைய ஸ்பிரிங்க வீட்ல வெச்சிருக்கோம். அதையே மாட்டிடுங்க. லோடு ஏத்துனா பின்னாடி அமுங்குது, ஒரு பட்டை கூட்டிப் போடலாமா? போட்டா காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடுமா?"

"கொஞ்சம் போடும்."

"மெல்லமா போறோம். அப்ப ஒரு பட்டை."

நாலு நிமிடம் ஆகியிருக்கும். இத்தனை வருடத்தில் என்னிடம் வந்து சாமான் கேட்டவர்களில் அவ்வளவு சரியாகக் கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

மறுநாள் வண்டியைக் கொண்டுவந்தவர் இன்ச்சுக்காரர். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார் என்று நினைத்தால் அது என் தப்பு. வாசலில் இருந்தே சத்தமாக, "அண்ணே, நல்லா யோசிச்சுப் பாத்தேன். லோடு வண்டிக்குத் தாழ்வா இருக்கிறதுதான் சயின்ஸு. எறக்கிடுங்க" என்றார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி. வீட்டுக்காரர் குனிந்து ஜாக்கியைத் தள்ளிக்கொண்டே, அவருக்குக் கேட்காதபடி, காறித் துப்புகிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினார். சாதுவான மனுஷன் அவர். அவரிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அந்த அம்மாவுக்குச் சுண்டு விரல் சரியாகிவிட்டது. மோதிர விரல் இன்னும் மடங்குவதில்லை. உருளை மாற்றும்போது அந்த விரல் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறதாம். வண்டியை இப்போது அவர்தான் ஓட்டுகிறார். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து இடது, வலது என்று கையை ஆட்டிக்கொண்டு வருவார். அவர் சொல்கிற பக்கம் வண்டி திரும்பி நான் பார்த்ததில்லை. கடைக்கு வந்தால் அந்த அம்மா வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். உட்காருவது மட்டும் கிடையாது.

இன்ச்சுக்காரரைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. மாறும்படி அவர் எதுவும் செய்யவும் இல்லை. போன வாரம்கூட வாடிக்கையாளர் ஒருவரை வழிமறித்து, உயரம் எவ்வளவு ஆபத்து என்று புதிய கலர்ப் புத்தகம் ஒன்றைக் காட்டி அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார்.

நான்தான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஜம்பத்துக்கு உயரம் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு தடவை எடுத்துச் சொல்லுவேன். கேட்கவில்லை என்றால் இன்னொரு தடவை. மூன்றாவது தடவையும் அதையே கேட்டால், அந்த செட்டு எங்களிடம் இல்லை, வருவதும் நின்றுவிட்டது என்று சொல்லிவிடுவேன். ரேக்கில் அவர்கள் கண்ணுக்கு நேராகவே மூன்று பெட்டி இருக்கும். ஏமாற்றுகிறேன் என்று சண்டை போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. போகட்டும்.