எண் சரியாக வந்த பிறகும் பயந்தவர்

எலும்பு மருத்துவர் சென்னியப்பன் மாரடைப்பில் போய்விட்டார் என்று காலையில் போன் வந்தது. அவரோடு ஆபரேஷனுக்குத்தான் நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். பல வருடம் ஒரே மேஜையில் அவர் அறுப்பார், நான் மயக்க மருந்து கொடுப்பேன். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நான் கேலி செய்ததை நம் ஆஸ்பத்திரியில் நீங்களெல்லாம் கேட்டிருப்பீர்கள்.

இடுப்பு மூட்டு மாற்றுவதற்கு வழிகாட்டும் கம்ப்யூட்டர் வந்த புதிது. முதல் நோயாளி ஜெயராணி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி டெய்லராக இருந்தவள். இடுப்பெலும்பில் பொருத்திய கிண்ணம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று திரை காட்டியது. நினைத்த கோணம் அப்படியே வந்திருந்தது. நாங்கள் கைதட்டாத குறை. அவர் மட்டும் அவள் காலை மடக்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஓர் அளவுக்கு மேல் மடக்கியதும் தொடையெலும்பில் பொருத்திய பந்து கிண்ணத்தின் விளிம்பில் ஏறியது. எந்தச் செயற்கை மூட்டும் அப்படித்தானே என்றேன்.

"படுத்திருக்கறப்ப சரியாத்தானுங்க காட்டுது. இந்தம்மா ஊட்டுக்குப் போயி எப்படி ஒக்காரும்னு இதுக்குத் தெரியுமுங்களா?"

தரையில் உட்காரவே கூடாது, மூட்டு கழன்றுவிடும் என்று அவளிடம் படித்துப் படித்துச் சொன்னார். அதோடு விடவில்லை. அவளுடைய லைன் வீட்டுக்கே போய், கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்திவிட்டு வந்தார். அதன் பிறகு அவள் வரும்போதெல்லாம், "கீழ ஒக்காரலீங்களே கண்ணு?" என்பதுதான் முதல் கேள்வி. எனக்குச் சிரிப்பாக வரும்.

போன் வந்த அன்று எங்கள் ஊர் ராயபுரத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் பெண்கள் பாயில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஜெயராணி உள்ளே வந்தாள். நான் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் அவரைக் கிடத்தியிருந்த குளிர்ப்பெட்டியைப் பார்த்தாள்.

"சார் இப்படிக் கெடக்காவ. நான் சேர்லயா உக்கார?"

தடுப்பதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையை அதன்மேல் வைத்து அழுதாள். மூட்டு கழலும் சத்தத்துக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உட்கார்ந்தாயிற்று, எழ வேண்டுமே. இரண்டு பெண்களைக் கூப்பிட்டு, காலை நீட்டச் சொல்லி, அக்குளில் கைகொடுத்துத் தூக்கவைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் வியர்த்துச் சட்டை நனைந்துவிட்டது.

அவரை எடுத்துக்கொண்டு போகும்போது எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஜெயராணியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னியப்பன் எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம்தான்.